அந்தச் சொட்டு மருந்துக்கு ஒரு பேர் உண்டு

"தோடா ஜலேகா, ஆங்க் பந்த் ரக்னா."

கொஞ்சம் எரியும், கண்ணை மூடியே வைத்திரு. மும்பையில் கண் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இதைக் கேட்காமல் திரும்பியிருக்க மாட்டார்கள். சுவரோரம் வரிசையாக நாற்காலிகள். தலையைப் பின்னால் சாய்க்கச் சொல்லி, கீழ் இமையைச் சுண்டி இழுத்து, ஒரு சொட்டு விட்டுவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போய்விடுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு வரிசையாகப் பத்துப் பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் ஏதோ தியான வகுப்பு என்று தோன்றும்.

எனக்குச் சர்க்கரை வந்தது 47 வயதில். அன்றிலிருந்து வருஷம் ஒரு தடவை விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும் என்பது டாக்டரின் கட்டளை. உள்ளே பார்க்க வசதியாகக் கண்பாவையை விரிக்கிற மருந்துதான் அந்தச் சொட்டு. சர்க்கரை விழித்திரையில் செய்கிற சேதம் ஆரம்பத்தில் வலிக்காது, பார்வையும் மங்காது. நமக்குத் தெரிய வரும்போது காரியம் முற்றியிருக்கும். ஆகவே நான் ஒழுங்காகப் போகிறவள். இதைப் படித்துவிட்டு யாராவது "நல்ல வேளை, நான் போவதே இல்லை" என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் வருஷம் ஒன்றும் ஆகவில்லை. எல்லாருக்கும் ஆவதுதான் ஆயிற்று. ஆஸ்பத்திரி தாதர் பக்கம், நேரம் மே மாத மத்தியானம். வெளியே வந்தால் தெரு முழுக்கச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துக் கிடந்தது. வெயிலில் கண்பாவை 2 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கிக்கொள்ள வேண்டும். மருந்து விட்ட கண்ணில் அது 8 மில்லிமீட்டர் வரைக்கும் விரிந்து அப்படியே நிற்கும். விட்டம் நாலு மடங்கு என்றால் உள்ளே பாயும் வெளிச்சம் பதினாறு மடங்கு. புடவைத் தலைப்பை நெற்றிக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, ஊரில் நாற்று நடப் போகிற பெண்பிள்ளை மாதிரி தாதர் ஸ்டேஷன் படிகளில் ஏறினேன்.

குர்லாவில் இறங்கி ஹார்பர் லைன் மாற வேண்டும். இண்டிகேட்டரில் எழுத்துகள் எல்லாம் ஒளிவட்டம் கட்டிக்கொண்டு ஆடின. பக்கத்தில் நின்ற காலேஜ் பெண்ணிடம் இது பன்வேல் வண்டியா என்று கேட்டேன். என் கண்ணைப் பார்த்துவிட்டு அவள் ஒரு அடி பின்னால் போனாள். கறுப்பு மட்டுமே தெரிகிற கண் பார்க்கக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும். செம்பூரில் இறங்கி ஆட்டோக்காரருக்குப் போனில் பணம் அனுப்பினால் 26 ரூபாய் 266 ஆகப் போயிருக்கிறது. கிட்டத்தில் இருப்பதைப் பார்க்க லென்ஸை வளைத்துக்கொடுக்கிற தசையையும் இந்த மருந்து தூங்கவைத்துவிடும். வெள்ளெழுத்து வந்த வயதில் மிச்சம் இருந்த கொஞ்சநஞ்சமும் அன்றைக்கு இல்லை. நல்ல மனுஷன், "மேடம், ஜ்யாதா ஆ கயா" என்று அவரே கூப்பிட்டு மீதியைத் திருப்பித் தந்தார்.

இரண்டாம் வருஷம், மறுநாள் சாயங்காலம் கண் லேசாக அரித்தது. கண்மை என்று நினைத்தேன். வீட்டுக்கு எதிரே மெட்ரோவுக்காகத் தோண்டிக்கொண்டிருந்தார்கள், தூசி என்றும் நினைத்தேன். இரண்டு நாளில் போய்விட்டது.

மூன்றாம் வருஷம்தான் விஷயம். செவ்வாய்க்கிழமை பரிசோதனை. புதன் ராத்திரி அரிப்பு தொடங்கியது. வியாழன் காலையில் எழுந்தால் கண் திறக்கவில்லை. விரலால் இமையைப் பிரித்துத்தான் பார்க்க முடிந்தது. கண்ணாடியில் பார்த்தால் இரண்டு கண்ணுக்கு மேலும் ஆளுக்கொரு பணியாரம். வெள்ளை விழி சிவந்து, ஓரமெல்லாம் நீர் வடிந்து, இமைத்தோல் சுருக்கம் விழுந்து வறண்டு போயிருந்தது.

எங்கள் சொசைட்டியில் சேதி லிப்டைவிட வேகமாக மாடி ஏறும். "ஆங்க் ஆயி ஹை" என்று ஒன்றாம் மாடி குஜராத்தி மாமி தீர்ப்புச் சொன்னாள். "டோளே ஆலே" என்று வேலைக்கு வருகிற அம்மாள் மராத்தியில் சொல்லிவிட்டு அன்றைக்கு ஹாலோடு திரும்பிப் போய்விட்டாள். தெற்கே பல வருஷம் இருந்துவிட்டு வந்த மூன்றாம் மாடிக்காரர் மட்டும், "மெட்ராஸ் ஐ" என்றார். மதராஸ்காரிக்கு மெட்ராஸ் ஐ வராமல் வேறு யாருக்கு வரும் என்று அவருக்கு ஒரே சிரிப்பு. (கொல்கத்தாப் பக்கம் இதே நோய்க்கு 'ஜாய் பாங்ளா' என்று பேர். 1971இல் கிழக்கு வங்கத்து அகதிகள் வந்தபோது பரவியதால் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. கண்வலிக்கு மட்டும் அவரவர் ஊர்ப் பேரை யாரும் வைத்துக்கொள்வதில்லை.)

பக்கத்துத் தெரு டாக்டரும் தொற்று என்றே சொன்னார், ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தார். விட்டேன். இன்னும் கொஞ்சம் எரிந்தது. வீட்டில் எனக்குத் தனித் துண்டு, தனித் தலையணை. வீட்டுக்காரர் என்னோடு பேசும்போது சுவரைப் பார்த்துப் பேசினார்.

கண்டுபிடித்தது என் அம்மா. எழுபத்தொன்பது வயது, வலது கண்ணில் புரை. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு என் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி வெகுநேரம் பார்த்தாள்.

"ஏட்டி, இது கண்ணு நோவு இல்ல. இங்க பாரு, கண்ணு ஓரத்துல இருந்து காதுக்குப் போற வரைக்கும் கோடு போட்டாப்புல சிவந்திருக்கு. மருந்து வழிஞ்ச தடம்லா அது."

அப்புறம்தான் நானும் பார்த்தேன். இரண்டு பக்கமும், கடைக்கண்ணிலிருந்து காதுமடல் வரை விரல் அகலத்துக்கு ஒரு சிவப்புப் பட்டை, மேலே பொடிப் பொடியாகச் சொறி. நாற்காலியில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தபோது வழிந்த மருந்து எந்த வழியாக ஓடியதோ அந்த வழி. கிருமிக்குக் கண்ணீரோடு கீழே கன்னத்துக்குத்தான் இறங்கத் தெரியும். காதுப் பக்கம் கோடு போட அதற்கு என்ன அவசியம்?

உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். நான்கு பேரைத் தாண்டி, சொட்டு விடுகிற பகுதியில் ஒருவர் வந்தார்.

"எனக்கு என்ன மருந்து விட்டீர்கள்?"

"கண்ணைப் பெரிசு பண்ற மருந்து, மேடம்."

"அதன் பேர்?"

"எல்லாருக்கும் அதேதான் மேடம். யாருக்கும் ஒண்ணும் ஆகலையே."

கேஸ் பேப்பரை எடுத்துப் பார்த்தேன். கண் அழுத்தம் எழுதியிருந்தது, கண்ணாடி நம்பர் எழுதியிருந்தது, சர்க்கரை அளவு, போன வருஷத்தோடு ஒப்பீடு, படம் வரைந்து பாகம் குறித்த விழித்திரை எல்லாம் இருந்தது. மருந்து விட்ட விஷயத்துக்கு 'டைலேட்டட்' என்று ஒரு சொல், பக்கத்தில் ஒரு டிக். எந்த மருந்து, எத்தனை சதவீதம், எத்தனை சொட்டு, எத்தனை மணிக்கு, ஒன்றும் இல்லை. அதே தாளின் மேல் பக்கத்தில் 'மருந்து ஒவ்வாமை ஏதும் உண்டா?' என்று ஒரு கட்டம். அதில் நான் 'இல்லை' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உண்டு என்று மாற்றி எழுத வேண்டுமானால் பேர் தெரிய வேண்டும். பேர் அவர்களிடம் இருக்கிறது, அவர்களுக்கு அது பேர் இல்லை, தண்ணீர் மாதிரி. என் மனக்குறை முழுக்க இந்த ஒரு இடத்தில்தான்.

வேறொரு கண் டாக்டரிடம் போனேன். வயதானவர், பொறுமைசாலி. கோட்டைப் பார்த்ததும் அவருக்குப் பாதி புரிந்துவிட்டது. கண்பாவையைச் சுற்றி இரண்டு விதத் தசை இருக்கிறது என்று தாளில் வரைந்து காட்டினார். ஒன்று வளையம், சுருக்குப்பையின் வாய்க்கயிறு மாதிரி. இன்னொன்று குடைக்கம்பி மாதிரி சுற்றிலும் விரிந்திருப்பது. ட்ரோபிகாமைட் என்கிற மருந்து வாய்க்கயிற்றைத் தளர்த்தும். பினைலெப்ரின் என்கிற மருந்து குடைக்கம்பியை இழுக்கும். பழுப்பும் கறுப்புமான நம் கண்களில் நிறமி மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் விரிய நேரமாகும். அதனால் நம் நாட்டில் இரண்டையும் ஒரே பாட்டிலில் கலந்து விற்கிறார்கள், 0.8 சதவீதம் ட்ரோபிகாமைட், 5 சதவீதம் பினைலெப்ரின். பெரும்பாலும் விடுவது அதைத்தான், உங்களுக்கும் அதுவாக இருக்கலாம் என்றார்.

"முதல் தடவை ஏன் வரவில்லை?"

"முதல் தடவை உடம்பு அறிமுகம் செய்துகொள்கிறது. பகை அடுத்த தடவைதான்."

இது ஊசி போட்டதும் அங்கேயே மயங்கி விழுகிற வகை ஒவ்வாமை இல்லையாம். ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத் தோலில் எழும்புகிற தாமத வகை. கவரிங் நகை போட்டால் காது புண்ணாகிறவர்களுக்கு ஆவதும் இதே ரகம்தான். ஆஸ்பத்திரியில் "யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை" என்று அவர்கள் சொன்னது பொய்யில்லை. ஆகும்போது நாம் அங்கே இருப்பதில்லை, செம்பூரில் சுவரைப் பார்த்துப் பேசுகிற கணவரோடு இருக்கிறோம். இரண்டு நாள் கழித்து வீங்கிய கண்ணோடு யாரும் பரிசோதனை செய்த இடத்துக்குத் திரும்பிப் போவதில்லை. பக்கத்துத் தெரு டாக்டரிடம் போகிறார்கள், அவர் தொற்று என்கிறார், கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது.

சந்தேகத்தைத் தீர்க்கத் தோல் டாக்டரிடம் அனுப்பினார். முதுகில் சின்னச் சின்ன வட்டங்களாக ஒவ்வொரு மருந்தையும் தனித்தனியே வைத்து ஒட்டி, 48 மணி நேரம் கழித்துப் பிரித்துப் பார்ப்பார்கள். அதன்பின் மறுபடி இரண்டு நாள் கழித்து ஒரு தடவை. அதுவரை முதுகில் தண்ணீர் படக்கூடாது, வேர்க்கவும் கூடாது. மும்பையில், ஜூன் முதல் வாரத்தில், மழை வருவேனா மாட்டேனா என்று வானம் பிகு பண்ணிக்கொண்டிருக்கிற நாட்களில் வேர்க்கக் கூடாது! பெண்கள் பெட்டியில் ஏறாமல் லீவு போட்டுவிட்டு நான்கு நாள் பேன் அடியில் குப்புறப் படுத்துக் கிடந்தேன். ட்ரோபிகாமைட் வைத்த வட்டம் சுத்தம். மருந்து கெடாமல் இருக்கச் சேர்க்கிற பென்சால்கோனியம் குளோரைடு வைத்த வட்டமும் சுத்தம். அது நிறையப் பேருக்கு ஆகாது என்பதால் அதன் மேல்தான் எனக்குச் சந்தேகம் இருந்தது. பினைலெப்ரின் வட்டம் மட்டும் செக்கச் சிவந்து, பொரிப் பொரியாக எழும்பி நின்றது.

ஆக, பேர் கிடைத்தது. பேர் கிடைத்தபின் அது எங்கெல்லாம் இருக்கிறது என்று பார்த்தால், என் மேஜை டிராயரிலேயே இருந்தது. ஜலதோஷத்துக்கு மெடிக்கலில் கேட்டு வாங்குகிற மாத்திரைப் பட்டைகள் பலவற்றில் பினைலெப்ரின். மூக்கடைப்புக்கென்று அதைச் சேர்க்கிறார்கள். வாய்வழி சாப்பிட்டால் அந்தக் காரியத்துக்கே அது உதவாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு 2023 செப்டம்பரில் சொல்லிவிட்டது. மூலத்துக்குத் தடவுகிற சில களிம்புகளில்கூட இருக்கிறதாம். ரத்தக்குழாயைச் சுருக்குகிற மருந்து, எங்கே வீக்கமோ அங்கே அனுப்புகிறார்கள். எனக்கு எல்லாவற்றையும் தவிர்க்கச் சொன்னார் டாக்டர்.

இப்போது அந்தக் கசப்பு. சொட்டு விட்டதும் தொண்டையில் கசக்கிறதே, கண்ணில் விட்டது வாய்க்கு எப்படி வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? ஒரு சொட்டு ஏறக்குறைய 0.05 மில்லிலிட்டர், அதாவது இருபது சொட்டு ஒரு மில்லி. கண்ணால் அதில் பாதிக்குக் கொஞ்சம் அதிகம்தான் தாங்க முடியும். மீதி ஒன்று கன்னத்தில் வழியும், இல்லை மூக்கோரம் இருக்கிற கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்குள் இறங்கும். அழுதால் மூக்கு ஒழுகுவது அந்த வழியில்தான். மூக்கின் உட்சவ்விலிருந்து மருந்து நேரே ரத்தத்தில் கலக்கும். மாத்திரை என்றால் வயிறு, ஈரல் என்று சுங்கச்சாவடிகளில் நின்று பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். சொட்டு மருந்துக்கு அந்தத் தொல்லை இல்லை. கண் அழுத்த நோய்க்கு விடுகிற டிமோலால் சொட்டை ஆஸ்துமாக்காரருக்கு எழுதக்கூடாது என்பதற்கும் இதுவே காரணம், கண்ணில் விட்டது மூச்சுக்குழாயை இறுக்கிவிடும்.

பினைலெப்ரினில் 10 சதவீதச் சொட்டும் உண்டு. இதயக் கோளாறு, உயர் ரத்த அழுத்தம் இருக்கிற வயதானவர்களுக்கு அதை விட்டு ரத்த அழுத்தம் எகிறிய சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. அதனால் பல இடங்களில் 2.5 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர் அதைச் சொட்டு விடுகிறவரிடம் சொல்வதில்லை. கண்ணுக்கும் பிரஷருக்கும் என்ன சம்பந்தம் என்று நாம் நினைக்கிறோம். சொட்டு விட்டதும் மூக்கோரக் கண்முனையை விரலால் இரண்டு மூன்று நிமிஷம் அழுத்திப் பிடித்தால் குழாய் வாய் அடைபட்டு உள்ளே போவது குறையும். இலவசமான வைத்தியம். என் ஆறு வருஷத்தில் இதை எனக்குச் சொன்னவர் அந்த வயதான டாக்டர் ஒருவர்தான்.

என் கதையாவது இமையோடு போயிற்று. அக்கா பேரனுக்கு நடந்தது வேறு.

நான்கு வயசுப் பிள்ளை, மாறுகண். கண்ணாடிக்கு நம்பர் பார்க்க வேண்டும். குழந்தைகளின் கண் தசை பலசாலி, என்ன நம்பர் வைத்தாலும் வளைந்து கொடுத்து ஏமாற்றிவிடும். அதைக் கட்டிப் போட அட்ரோபின் என்கிற மருந்து. மூன்று நாள், நாளைக்கு மூன்று வேளை, கால் அரிசி அளவு களிம்பைக் கண்ணுக்குள் இட்டுவிட்டு அழைத்து வாருங்கள் என்று அனுப்பினார்கள். சொட்டைவிடக் களிம்பு உடம்புக்குள் குறைவாகப் போகும் என்பதால்தான் சின்னப் பிள்ளைகளுக்குக் களிம்பு. அக்கா மகள் தாராவியில் இருக்கிறாள். பிள்ளை உதறி அழுததில் களிம்பு எங்கே போயிற்று என்று தெரியாமல் ஒவ்வொரு வேளையும் திரும்பத் திரும்ப இட்டிருக்கிறாள். இன்னும் கொஞ்சம் போட்டால் இன்னும் நன்றாக விரியும் என்றும் ஒரு எண்ணம்.

மூன்றாம் நாள் சாயங்காலம் போன் வந்தது. "சித்தி, பிள்ளைக்கு நெருப்பா கொதிக்குது. முகம் தக்காளி மாதிரி சிவந்து கிடக்கு. சுவத்துல எறும்பு எறும்புன்னு கையால பொறுக்குறான். எறும்பே இல்ல சித்தி." பின்னணியில் அக்காவின் குரல் கேட்டது. உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

காய்ச்சல் இருக்கிறது, வேர்வை இல்லை, நாக்கு வறண்டிருக்கிறது, இல்லாததைப் பார்க்கிறான். நான்கும் சேர்ந்தால் அட்ரோபின் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். எனக்கு அப்போது தெரியாது. என் கண்ணுக்கு நடந்தது மட்டும் தெரியும், அதனால் "களிம்பை நிறுத்து, டியூபைக் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு" என்றேன். டியூபை எடுத்துக்கொண்டு போனதுதான் பெரிய காரியம் என்று அங்கே சொன்னார்களாம். அங்கே டியூட்டியில் இருந்தவர் பேரைப் பார்த்ததும் வேறு எந்தப் பரிசோதனையிலும் நேரத்தை விடவில்லை. ராத்திரி முழுக்க வைத்துப் பார்த்துக்கொண்டு, ஈரத்துணி போட்டு, மறுநாள் மத்தியானம் அனுப்பிவிட்டார்கள். பிள்ளை தெளிந்துவிட்டான். கண்பாவை சுருங்க மட்டும் பத்து நாளுக்கு மேல் ஆயிற்று. அதுவரை தாராவிச் சந்துக்குள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு குட்டி தாதா மாதிரி திரிந்தான்.

அட்ரோபின் 1 சதவீதச் சொட்டு ஒன்றில் அரை மில்லிகிராம் மருந்து இருக்கிறது. பெரியவர்களுக்கு நாடித்துடிப்பு குறைந்துபோனால் நரம்பில் ஏற்றுவதற்கு நம் ஊரில் வருகிற ஆம்பூல் 0.6 மில்லிகிராம். ஒரு குழந்தையின் கண்ணில் விடுகிற ஒரு சொட்டுக்கும் பெரியவருக்குப் போடுகிற ஒரு ஊசிக்கும் இவ்வளவுதான் வித்தியாசம்.

இதை அம்மாவிடம் சொன்னபோது, "ஊமத்தங்காய் தின்ன பிள்ளை மாதிரில்லா இருந்திருக்கான்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் அதுவேதான். ஊமத்தையில் இருப்பதும் அட்ரோபினும் அதன் பங்காளி ஸ்கோபலமைனும்தான். 'உன்மத்தம்' என்றால் பித்து, அதிலிருந்து ஊமத்தை. சிவன் தலையில் ஏன் அந்தப் பூ என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. இத்தாலியில் இதே குடும்பத்துச் செடி ஒன்றின் சாற்றைக் கண் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று பெண்கள் விட்டுக்கொண்டார்களாம். பெல்லடோனா, அழகிய பெண் என்று செடிக்குப் பேர். ஒரே குடும்பத்துச் செடி, அங்கே அழகு, இங்கே பித்து.

கண்ணைப் பெரிதாக்குவதால் வருகிற வம்புகளில் டாக்டர்களே பயப்படுகிறது இன்னொன்று இருக்கிறது. சிலருக்குக் கண்ணின் முன்பகுதி பிறவியிலேயே ஒடுக்கம். பாவை விரியும்போது கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேறுகிற மூலை அடைபட்டு, 21க்குள் இருக்க வேண்டிய அழுத்தம் 50, 60 என்று ஏறிவிடும். சாயங்காலமோ ராத்திரியோ கண்ணில் கடும் வலி, தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம். வாந்தி என்றதும் நாம் பித்தம், கேஸ் என்று சோடா குடித்துவிட்டுப் படுத்துவிடுவோம். அது கூடாது, அந்த நிமிஷமே ஓட வேண்டும், மணிக்கணக்கில் தள்ளினால் பார்வை போய்விடலாம். ஆனால் இது மிக அரிது. நெதர்லாந்தில் ராட்டர்டாம் நகரத்தில் 6,679 பேருக்குக் கண்ணை விரித்துப் பார்த்த ஆய்வில் இரண்டு பேருக்குத்தான் வந்தது. சொட்டு விடும் முன் டாக்டர் பக்கவாட்டில் ஒளி அடித்துப் பார்ப்பது இந்த ஒடுக்கத்தைத்தான். பார்க்காமல் விட்டால் கேளுங்கள்.

நாற்காலியில் உட்கார்ந்த இடத்திலேயே மயங்குகிறவர்கள் உண்டு. அது பெரும்பாலும் மருந்தின் வேலையே இல்லை, கண்ணைத் தொட்டாலே சிலருக்கு நாடி இறங்கிவிடும். படுக்கவைத்துக் காலை உயர்த்தினால் எழுந்துவிடுவார்கள். பக்கத்து நாற்காலியில் பார்த்திருக்கிறேன், நல்ல வாட்டசாட்டமான போலீஸ்காரர்.

நடந்ததை எழுதி அனுப்பவும் ஒரு இடம் இருக்கிறது. இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் என்று 2010இல் தொடங்கியது, தலைமையகம் காஸியாபாதில். மருந்தால் வந்த தொல்லையை நோயாளியே நேரடியாகச் சொல்லலாம், டாக்டர் கையெழுத்து வேண்டியதில்லை. கட்டணமில்லா எண் 1800-180-3024. படிவம் தமிழிலும் இருக்கிறது. நான் நிரப்பி அனுப்பினேன். அதில் மருந்துப் பகுதிக்கு வந்தால் மருந்தின் பேர், எவ்வளவு எடுத்துக்கொண்டோம், அப்புறம் காலாவதித் தேதி. நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளிடம் காலாவதித் தேதி! பேரை மட்டும் எழுதிவிட்டு மற்றதைக் காலியாக விட்டேன்.

இந்த வருஷம் வயதான டாக்டரிடமே பரிசோதனை. கேஸ் பேப்பர் மேலே சிவப்பு மையில் 'பினைலெப்ரின் கூடாது' என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார். எனக்கு ட்ரோபிகாமைட் மட்டும் தனிப் பாட்டில். ஒற்றை மருந்து என்பதால் என் பாவை சாவகாசமாகத்தான் விரிந்தது. ஒரு சொட்டு, கால் மணி நேரம், மறுபடி ஒரு சொட்டு. எனக்குப் பின்னால் வந்த நான்கு பேர் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அரிக்கவில்லை, வீங்கவில்லை, வியாழக்கிழமை காலையில் கண் தானாகத் திறந்தது.

அம்மாவையும் புரைக்காக அங்கேயே அழைத்துப் போனேன். போகிற வழியெல்லாம் ஆட்டோவில் சொல்லிக்கொடுத்தேன். உனக்குப் பிரஷர் இருக்கிறது, முதலில் அதைச் சொல். கண்ணில் எதையாவது விட வந்தால் பேர் கேள், கேட்டுவிட்டுத்தான் தலையைச் சாய்க்க வேண்டும். நான் பணம் கட்ட கௌன்ட்டருக்குப் போய்விட்டுத் திரும்பி வருவதற்குள் சொட்டு விட்டாகிவிட்டது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு, நான் காட்டியபடி இரண்டு மூக்கோரத்தையும் ஆள்காட்டி விரல்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"பேர் கேட்டியாம்மா?"

"கேட்டேன்டி. இந்தியிலயே கேட்டேன். நாம் க்யா ஹைன்னு. ரெண்டு தரம் சொல்லச் சொல்லி மனப்பாடம் பண்ணி வச்சிருக்கேன்."

சொன்னாள். நான் பக்கத்தில் மருந்துத் தட்டோடு நின்ற பெண்ணைப் பார்த்தேன். அவள் சட்டையில் குத்தியிருந்த அட்டையில் அதே பேர் இருந்தது.